விட்டுப் பிடிக்கும் ஆட்டம்: வெள்ளைக்காய்க்கு ஒரு ஹைப்பர்மாடர்ன் ஓப்பனிங்

செஸ் சொல்லித் தருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு பாடத்தை நடத்திவிடுவார்கள்: இ4, டி4, இ5, டி5 என்ற நான்கு கட்டங்கள்தான் பலகையின் மையம், அதில் முதலில் சிப்பாயைக் கொண்டுபோய் நிறுத்து. நல்ல பாடம்தான். நானும் அப்படித்தான் கற்றேன், அப்படித்தான் சொல்லித் தருகிறேன். ஆனால் அந்தப் பாடத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. மையத்தில் நிற்கிற சிப்பாய் காவல் கேட்கும். முன்னே போன சிப்பாய் பின்னே வராது. அப்படியானால் எதிராளியையே அங்கே வரவிட்டு, தூரத்தில் நின்று குறிவைத்து, அவன் கட்டியதை அப்புறம் உடைத்தால் என்ன?

முதல் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஐரோப்பாவில் ஒரு சிறு கூட்டம் இந்தக் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டது. ரிச்சர்ட் ரேட்டி, ஆரோன் நிம்சோவிச், கியூலா பிரேயர், சவியெலி டார்டகோவர் போன்றவர்கள். ஜெர்மன் செஸ் ஆசான் சீக்பர்ட் டாராஷ் வகுத்து வைத்திருந்த 'சரியான ஆட்டம்' இவர்களுக்குப் போதவில்லை. இந்தப் பாணிக்கு ஹைப்பர்மாடர்ன் என்ற பெயரைத் தந்தவர் டார்டகோவர். 1924 மார்ச்சில் நியூயார்க் போட்டியில் ரேட்டி முதல் நகர்த்தலாகக் குதிரையை எஃப்3-இல் வைத்து, அப்போதைய உலக சாம்பியன் காபாபிளாங்காவைத் தோற்கடித்தார். அதற்கு முன் எட்டு ஆண்டுகளாகக் காபாபிளாங்கா ஓர் ஆட்டம்கூடத் தோற்றதில்லை. அதன்பிறகு இந்தப் பாணியை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கட்டுரையில் அந்த முதல் நகர்த்தலிலிருந்து தொடங்கி, வெள்ளையில் ஆடுகிற ஒரு புதியவர் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் வரை தன் காலில் நிற்கும்படி சொல்லித் தரப் பார்க்கிறேன். காய்கள் நகரும் விதம், காஸ்லிங், கட்டங்களின் பெயர் தெரிந்தால் போதும். ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன். வெறும் கட்டத்தின் பெயர் மட்டும் வந்தால் அது சிப்பாய் நகர்த்தல். பக்கத்தில் ஒரு பலகையை விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள். பலகை இல்லாமல் படித்தால் இது தலைக்குள் நிற்காது.

முதல் நான்கு நகர்த்தல்கள்

1. குதிரை எஃப்3. 2. ஜி3. 3. பிஷப் ஜி2. 4. காஸ்லிங்.

இந்த நான்கையும் பெரும்பாலும் இதே வரிசையில் ஆடிவிடலாம். குதிரையை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எஃப்3-இல் நிற்கிற குதிரை இ5, டி4 என்ற இரண்டு மையக் கட்டங்களையும் பார்க்கிறது. அதனால் கறுப்பு முதல் பதிலாகவே இ5 ஆட முடியாது. ஆடினால் சிப்பாயைச் சும்மா வெட்டிக்கொள்ளலாம். ஆக ஒரு சிப்பாயைக்கூட மையத்தில் வைக்காமலே அங்கே ஒரு வேலையைச் செய்துவிட்டீர்கள்.

பிஷப்பை இப்படி ஓரத்து ஜி2-இல் நிறுத்துவதை ஃபியங்கெட்டோ என்பார்கள். அது எச்1-இலிருந்து ஏ8 வரை ஓடும் நீண்ட மூலைவிட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. இப்போதைக்கு உங்கள் குதிரையே அதன் பார்வையை மறைக்கிறது. குதிரை எப்போது விலகுகிறதோ அப்போது அது டி5 வரை, பி7 வரை பாயும். இந்த ஓப்பனிங்கில் எனக்கு மிகவும் பிடித்த காய் இந்த பிஷப்தான். கட்டுரை முழுக்க அதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

நான்காவது நகர்த்தலிலேயே காஸ்லிங் ஆகிவிடுவது சாதாரண விஷயம் இல்லை. 1970-இல் பெல்கிரேடில் சோவியத் அணிக்கும் உலக அணிக்கும் நடந்த போட்டியில் பென்ட் லார்சன் இன்னொரு ஹைப்பர்மாடர்ன் தொடக்கமான 1. பி3 ஆடினார். எதிரே போரிஸ் ஸ்பாஸ்கி. லார்சனின் குதிரையை ஸ்பாஸ்கியின் மையச் சிப்பாய் விரட்டியது, லார்சனின் ராஜா நடுவிலேயே நின்றது, 17 நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிட்டது. லார்சன் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். அவருக்கே அப்படி என்றால், மையத்தை எதிராளியிடம் விட்டுவிட்டு ராஜாவையும் நடுவில் வைத்திருக்கும் துணிச்சல் நமக்கு வேண்டாம். புதியவர்களுக்கு 1. பி3-ஐவிட இந்த வரிசையை நான் சிபாரிசு செய்வதற்கு இதுதான் காரணம்.

விடுவது பாதி, பிடிப்பது பாதி

இந்த ஓப்பனிங்கைத் தப்பாகப் புரிந்துகொள்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். என்னிடம் பழகவரும் ஒரு பத்து வயதுப் பெண் முதல் வாரத்தில் ஆடிய ஆட்டம் கண்முன் நிற்கிறது. குதிரை எஃப்3, ஜி3, பிஷப் ஜி2, காஸ்லிங், டி3 என்று அழகாக அடுக்கினாள். அப்புறம் எச்3, ஏ3, யானை இ1, மறுபடி யானை எஃப்1. எதிரே இருந்த பையன் சி5, டி5, இ5 என்று மூன்று சிப்பாய்களையும் நிறுத்தி, எல்லாக் காய்களையும் வெளியே எடுத்து, இ4 என்று தள்ளினான். அவள் குதிரைக்கு நல்ல போக்கிடம் இல்லை. "நீங்க சொன்ன மாதிரிதானே சார் வச்சேன்?" என்று கேட்டாள். வைத்தது சரிதான். விட்டுவிட்டாள், பிடிக்க மறந்துவிட்டாள்.

மையத்தை எதிராளியிடம் விடுகிறோம் என்றால் அதைத் திரும்ப அடிக்கிற நாளும் குறித்தாக வேண்டும். அந்த அடி இரண்டே சிப்பாய்களிடம் இருக்கிறது: இ4 அல்லது சி4. ஏழெட்டு நகர்த்தலுக்குள் இரண்டில் ஒன்று விழுந்தாக வேண்டும். பத்தாவது நகர்த்தலிலும் இரண்டுமே விழவில்லை என்றால் நீங்கள் ஆடுவது ஹைப்பர்மாடர்ன் இல்லை, வெறும் காத்திருப்பு.

எதை எப்போது அடிப்பது என்பதைக் கறுப்பு வைக்கிற அமைப்புதான் தீர்மானிக்கும். ஆகவே நான்கு நகர்த்தல் முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு எதிர்ப் பக்கத்தைப் பாருங்கள். கறுப்பின் சி8 பிஷப் எங்கே இருக்கிறது? சிப்பாய்கள் எந்த உருவத்தில் நிற்கின்றன? இந்த இரண்டு கேள்வி போதும்.

கறுப்பு டி5, இ6 என்று வைத்தால்

அடிக்கடி வருவது இதுதான், நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான். கறுப்பு டி5, இ6, குதிரை எஃப்6, பிஷப் இ7, காஸ்லிங், சி5, குதிரை சி6 என்று வைத்திருக்கிறது. இ6 சிப்பாய் சி8 பிஷப்பை உள்ளேயே பூட்டிவிட்டது. இங்கே உங்கள் அடி இ4. இந்த அமைப்புக்குக் கிங்ஸ் இண்டியன் அட்டாக் என்று பெயர்.

5. டி3. 6. பி1 குதிரை டி2. 7. இ4. 8. யானை இ1.

டி2 குதிரை ஏன் இ4-க்கு முன்னால் வர வேண்டும்? அது வராமல் இ4 ஆடினால் கறுப்பு டி சிப்பாயால் இ4-ஐ வெட்டும். நீங்கள் டி3 சிப்பாயால் திருப்பி வெட்டுவீர்கள். டி வரிசை திறந்துவிடும், ராணிக்கு ராணி வெட்டு விழும், தாக்குதல் நடக்க வேண்டிய ஆட்டம் எட்டாவது நகர்த்தலிலேயே இறுதியாட்டமாகச் சப்பென்று ஆகிவிடும். டி2-இல் குதிரை நின்றால் அந்த வரிசை அடைபட்டிருக்கும், ராணிகள் பலகையிலேயே இருக்கும்.

யானை இ1-க்கு வந்ததும் அடுத்த வேலை இ5. அந்தச் சிப்பாய் எஃப்6 குதிரையை விரட்டும். கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்தில் இருந்த முக்கியமான காவல்காரன் டி7-க்குப் போய்விடுவான். இனி பலகை இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜா பக்கம் உங்களுடையது, ராணி பக்கம் அவருடையது. அவர் பி5, பி4, ஏ5, ஏ4 என்று சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டு வருவார். நீங்கள் ராஜாவைத் தேடிப் போவீர்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அதைப் போடாமல் விட்டால் எல்லாம் வீண். இ5 சிப்பாயை எத்தனை பேர் தாக்குகிறார்கள், எத்தனை பேர் காக்கிறார்கள்? கறுப்பின் டி7 குதிரை, சி6 குதிரை. அதோடு ராணி சி7-க்கு வந்தால் மூன்று. உங்கள் பக்கம் எஃப்3 குதிரை, இ1 யானை. இரண்டுதான். மூன்றாவது காவல் வேண்டும். கறுப்பு முன்னாலேயே ராணியை சி7-இல் வைத்திருந்தால், நீங்கள் இ5 ஆடி எஃப்6 குதிரை டி7-க்குப் போன உடனே ராணியை இ2-இல் வையுங்கள். மூன்றுக்கு மூன்று. வெட்டிப் பார்த்தால் கறுப்புக்கு ஒரு குதிரை போய் ஒரு சிப்பாய்தான் கிடைக்கும். கறுப்பு ராணி இன்னும் நகரவில்லை என்றால் அவசரமில்லை, டி2 குதிரையை எஃப்1-க்கு எடுங்கள். அது பின்வாங்குவது போலத் தெரியும். ஆனால் அது விலகியதும் சி1 பிஷப்புக்கு வழி திறக்கிறது. பிஷப் எஃப்4-க்கு வந்து மூன்றாவது காவலாக நிற்கும். ஒரே நகர்த்தலில் இரண்டு வேலை.

அப்புறம் எச்4. இதுவும் இரட்டை வேலைதான். கறுப்பு ஜி5 என்று முட்டுவதைத் தடுக்கிறது, காலியான எச்2 கட்டத்தை எஃப்1 குதிரைக்குப் படியாகக் கொடுக்கிறது. எஃப்1, எச்2, ஜி4 என்று குதிரை சுற்றிக்கொண்டு ராஜாவின் வாசலுக்குப் போகும். எச் சிப்பாய் எச்5, எச்6 என்று போனால் ராஜாவைச் சுற்றியுள்ள கறுப்புக் கட்டங்கள் ஓட்டையாகிவிடும்.

பாபி பிஷர் ஆடிக்காட்டியது

இந்தத் திட்டத்துக்கு என்னிடம் இருக்கும் சிறந்த பாடம் 1967-இல் துனீசியாவின் சூஸ் நகரில் நடந்த இன்டர்சோனல் (உலக சாம்பியன்ஷிப்புக்கான தகுதிச் சுற்று) போட்டியில் பாபி பிஷர், மங்கோலியாவின் மியாக்மார்சூரனோடு ஆடிய ஆட்டம். பிஷர் 1. இ4 என்று தொடங்கினார், எதிராளி இ6 ஆடியதும் டி3, குதிரை டி2, ஜி3, பிஷப் ஜி2 என்று நம் அமைப்புக்கே வந்து சேர்ந்தார். வழி வேறு, வந்து சேர்ந்த இடம் ஒன்று.

எட்டாவது நகர்த்தலில் இ5. ஒன்பதில் யானை இ1, பத்தில் குதிரை எஃப்1, பதினொன்றில் எச்4, பன்னிரண்டில் பிஷப் எஃப்4. மேலே சொன்னது அப்படியே. கறுப்பும் தன் பக்கம் பி5, பி4, ஏ5, ஏ4 என்று வந்தது. பதின்மூன்றில் பிஷர் ஏ3 என்று ஒரே ஒரு தடுப்பு போட்டார். ராணி பக்கத்தில் அவர் செலவழித்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான். எதிராளி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் நம் தாக்குதல் நகராது. எது உண்மையில் வலிக்கும் என்று பார்த்து அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு ராணி எச்5-க்குப் போனது. பிஷப் எஃப்6-இல் ஏறி ராஜாவின் வாசலில் உட்கார்ந்தது. எச்5 என்று சிப்பாயைத் தள்ளி, யானையை அதன் பின்னால் எச்4-இல் நிறுத்தினார். இருபத்தொன்பதாவது நகர்த்தலில், இடையில் எச்3-இல் இருந்த நம் பிஷப்பை மறுபடி ஜி2-க்கே கொண்டுவந்தார். அந்த நகர்த்தலைப் பார்க்கிறவருக்கு என்ன அவசரம் என்று புரியாது. முப்பதில் ராணி எச்6, முப்பத்தொன்றில் ராணி எச்7 சிப்பாயை வெட்டி செக். ராணியைத் தியாகம் செய்துவிட்டார்! ராஜா ராணியை வெட்டினால் எச் சிப்பாய் ஜி6-ஐ வெட்டி யானையோடு சேர்ந்து இரட்டைச் செக். ராஜா ஜி8-க்குப் போனால் யானை எச்8 மேட். ராஜா ஜி6-இல் வெட்டினால் ஜி2 பிஷப் இ4-க்கு வந்து செக்மேட். கறுப்பு அங்கேயே கையைக் கொடுத்துவிட்டது.

இந்த முடிவைப் பலகையில் வைத்துப் பாருங்கள். ராஜாவைச் சுற்றி எட்டுக் கட்டங்கள். ஒவ்வொன்றையும் யார் அடைத்திருக்கிறார்கள் என்று விரல் வைத்து எண்ணுங்கள். எஃப்6 பிஷப்பை இ5 சிப்பாய்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதாவது எட்டாவது நகர்த்தலில் போட்ட ஆணி, முப்பத்துமூன்றாவது நகர்த்தலில் மேட் வரைக்கும் பிடித்து நிற்கிறது.

கறுப்பு பிஷப்பை வெளியே எடுத்துவிட்டால்

சில எதிராளிகள் டி5, சி6 ஆடி, இ6 ஆடுவதற்கு முன்பே சி8 பிஷப்பை எஃப்5-க்கு எடுத்துவிடுவார்கள். 1924-இல் அதே நியூயார்க் போட்டியில் எமானுவேல் லாஸ்கர் ரேட்டிக்கு எதிராக இப்படி ஆடி வென்றார். அந்தப் போட்டியிலேயே முதலிடமும் அவருக்குத்தான். நல்ல, உறுதியான அமைப்பு. எஃப்5 பிஷப் இ4 கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் உங்கள் இ4 அடி லேசில் விழாது. ஆகவே மற்ற அடியை எடுங்கள்: சி4.

காஸ்லிங் ஆன பிறகு 5. பி3, 6. பிஷப் பி2, 7. சி4, 8. டி3. பி3 முதலில் வருவதால் சி4 சிப்பாய்க்குக் காவல் இருக்கிறது. கறுப்பு அதை வெட்டினால் பி சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள், பி வரிசை உங்கள் யானைக்குத் திறந்து கிடைக்கும். இப்போது இரண்டு பிஷப்புகளும் இரண்டு நீண்ட மூலைவிட்டங்களில் இருந்து மையத்தைக் குறிவைக்கின்றன. லாஸ்கருக்கு எதிரான ஆட்டத்தில் ரேட்டி ராணியையே ஏ1 மூலையில் கொண்டுபோய் பி2 பிஷப்புக்குப் பின்னால் நிறுத்தினார்! ஆட்டம் தோற்றாலும் அந்த யோசனை இன்றும் பேசப்படுகிறது. உங்களுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. எஃப்3 குதிரையை எச்4-க்கு எடுத்து எஃப்5 பிஷப்பைத் தொந்தரவு செய்வதையும், அதே நகர்த்தலில் ஜி2 பிஷப்புக்கு வழி திறப்பதையும் நினைவில் வையுங்கள். பிஷப் வெளியே போனதால் பி7 சிப்பாய்க்குக் காவல் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

எஃப்5-க்குப் பதில் ஜி4-க்கு வந்து உங்கள் எஃப்3 குதிரையை வெட்டினால் கவலைப்படாதீர்கள். ஜி2 பிஷப்பால் திருப்பி வெட்டுங்கள். இரண்டு பிஷப்பும் உங்களிடம், அவரிடம் ஒன்று.

கறுப்பு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டால்

டி5, சி5, குதிரை சி6, இ5. புதியவர்கள் மிகவும் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். பயப்பட வேண்டியதில்லை. கறுப்பில் ஆடுகிறவர்கள் வைக்கிற கிங்ஸ் இண்டியன் டிஃபன்ஸ் அமைப்பையே நீங்கள் வெள்ளையில் வைத்திருக்கிறீர்கள், அதுவும் ஒரு நகர்த்தல் கூடுதலாக. டி3, குதிரை டி2, இ4 என்று அதே வரிசையில் அடியுங்கள்.

இப்போது கறுப்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். சும்மா காஸ்லிங் ஆடினால் நீங்கள் டி5-ஐ வெட்டுங்கள். குதிரை திருப்பி வெட்டும். உடனே யானை இ1. இ5 சிப்பாயை எஃப்3 குதிரையும் யானையும் தாக்குகின்றன, அடுத்து டி2 குதிரை சி4-க்கு வந்தால் மூன்றாவது தாக்கல். அவர் பெருமையாக நிறுத்திய சிப்பாய் இப்போது அவருக்குச் சுமை.

மாறாக அவர் டி4 என்று தள்ளினால் மையம் பூட்டிக்கொள்ளும். அவசரப்படாமல் ஏ4 ஆடுங்கள். கறுப்பு பி5 ஆடி விரட்ட முடியாதபடி அது சி4 கட்டத்தை உங்களுக்குப் பத்திரமாக்கும். டி2 குதிரை அங்கே போய் உட்காரட்டும். பின்னர் எஃப்3 குதிரையை எச்4-க்கு நகர்த்தி எஃப்4 தள்ளுங்கள். பூட்டிய மையத்தை ஓரத்திலிருந்து நெம்புவது என்று இதைச் சொல்லலாம். கறுப்பின் கிங்ஸ் இண்டியன் ஆட்டங்களை நீங்கள் பார்த்திருந்தால் இந்த இடத்தில் எல்லாம் பழகிய முகமாகத் தெரியும்.

மற்ற அமைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பும் ஜி6, பிஷப் ஜி7 என்று உங்களைப் போலவே வைத்தால் இ4 ஆடி, சி3 தாங்கலோடு டி4-க்கு முயலுங்கள். எஃப்5 ஆடுகிறவருக்கு டி3, இ4 என்று அடித்தால் போதும்.

ஜி2 பிஷப்பை விற்காதீர்கள்

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஜி சிப்பாயை ஜி3-க்குத் தள்ளியதால் எஃப்3, எச்3 கட்டங்களுக்குச் சிப்பாய்க் காவல் போய்விட்டது. அந்த இரண்டு கட்டங்களையும் இப்போது காப்பது ஜி2 பிஷப்தான். அதை இழந்தால் உங்கள் ராஜாவின் வீட்டில் இரண்டு ஜன்னல் திறந்து கிடக்கும். கறுப்புக்கும் இது தெரியும். ராணியை டி7-இல் வைத்து, பிஷப்பை எச்3-க்கு எடுத்து, உங்கள் பிஷப்பை மாற்றிக்கொள்ளப் பார்ப்பார். அப்புறம் எச்5, எச்4 என்று வருவார்.

உங்கள் யானை எஃப்1-ஐ விட்டு இ1-க்குப் போயிருந்தால் பதில் சுலபம்: பிஷப்பை எச்1-க்கு இழுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பிஷப் எச்3-இல் வெறுமனே நிற்கும், உங்களுடையது அதே மூலைவிட்டத்தில் பத்திரமாக இருக்கும். யானையை இ1-க்கு எடுப்பதற்கு இது இன்னொரு காரணம்.

அந்த பிஷப் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு ஆட்டம். 1924 நியூயார்க்கில் ரேட்டி போகோல்யுபோவோடு ஆடியது. போட்டியின் முதல் அழகுப் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. ரேட்டி குதிரை எஃப்3, சி4, ஜி3, பிஷப் ஜி2, காஸ்லிங், பி3, பிஷப் பி2 என்று வைத்தார். கறுப்பு மையத்தில் இ4 வரை ஒரு சிப்பாயைக் கொண்டுவந்தது. பன்னிரண்டாவது நகர்த்தலில் எஃப்3 என்று அதை முட்டினார், பதினைந்தில் இ4 என்று தானே மையத்தில் இறங்கினார். விட்டுப் பிடிப்பது என்றால் இதுதான். ஜி2 பிஷப் எஃப்3-இல் வெட்டியது, எச்5-க்குப் போனது, எஃப்7-இல் செக் கொடுத்தது, கடைசியாக இருபத்தைந்தாவது நகர்த்தலில் இ8-இல் போய் நின்றது. அங்கே அது எதையும் வெட்டவில்லை. டி8 யானைக்கும் எஃப்8 பிஷப்புக்கும் நடுவில் புகுந்து யானையின் காவலை மறித்தது, அவ்வளவுதான். எஃப்8-ஐக் காக்க வழியில்லை, போகோல்யுபோவ் ஆட்டத்தை விட்டுவிட்டார். முதல்முறை இந்த நகர்த்தலைப் பார்த்தபோது நான் காய்களைத் திரும்ப வைத்து நான்கு தடவை ஆடிப் பார்த்தேன்.

எப்படிப் பழகுவது

வரிசைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் நாள், எதிரே காய்களே இல்லாமல் வெள்ளையின் எட்டு நகர்த்தல்களை மட்டும் பலகையில் பத்துத் தடவை வையுங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஏன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு இதைச் செய்யவைத்தால் இரண்டே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம் ஆடுங்கள். லிச்செஸ் போன்ற இலவசத் தளத்தில் ஆளுக்குப் பதினைந்து நிமிடமாவது இருக்கும் ஆட்டமாக எடுங்கள். மூன்று நிமிட ஆட்டத்தில் கை தானாக அடுக்கும், மூளை எதிராளியைப் பார்க்காது. இந்த ஓப்பனிங்கில் அதுதான் பெரிய ஆபத்து. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: கறுப்பு எந்த அமைப்பில் நின்றது, நான் எத்தனையாவது நகர்த்தலில் இ4 அல்லது சி4 அடித்தேன், ஜி2 பிஷப் கடைசியில் எங்கே இருந்தது. கணினி எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் இதை எழுதிவிடுங்கள். இருபது ஆட்டம் ஆனதும் நோட்டைப் புரட்டினால், எந்த அமைப்பில் நீங்கள் தடுமாறுகிறீர்கள் என்று அதுவே சொல்லும். அந்தப் பத்துவயதுப் பெண்ணின் நோட்டில் முதல் பக்கத்தில் 'அடிக்கவில்லை' என்று ஐந்து தடவை இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஏழு, எட்டு, ஏழு என்று எண்கள் வந்துவிட்டன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செஸ் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்றால் இதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் இ4, டி4 ஆடி, மையத்தில் சிப்பாய் வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்கள் கையால் அனுபவியுங்கள். பிடித்து வைக்கத் தெரியாதவருக்கு விட்டுப் பிடிக்கவும் தெரியாது. குதிரைக் கவைத் தாக்கு (ஒரே குதிரையால் இரண்டு காய்களைத் தாக்குவது), பின்னி வைத்தல் (பின்னால் பெரிய காய் இருப்பதால் முன்காயை நகரவிடாமல் கட்டிப்போடுவது) போன்ற அடிப்படைத் தந்திரங்கள் கைவந்த பிறகு வாருங்கள், இந்த ஓப்பனிங் எங்கும் போய்விடாது.

ஐம்பது ஆட்டத்துக்குப் பிறகு

இ4 அடி கைக்கு வந்துவிட்டது என்றால் அடுத்து 1. குதிரை எஃப்3 டி5 2. சி4 பழகுங்கள். ரேட்டி ஓப்பனிங் என்று பெயர் பெற்ற உண்மையான நகர்த்தல் இது. இரண்டாவது நகர்த்தலிலேயே அடி விழுகிறது. கறுப்பு சி4-ஐ வெட்டினால் இ3 ஆடி, எஃப்1 பிஷப்பால் சிப்பாயைத் திரும்ப எடுக்கலாம். தாங்கினால் ஜி3, பிஷப் ஜி2 என்று நமக்குத் தெரிந்த ஊருக்கே வந்துவிடலாம். அதோடு டி4-உம் சேர்த்தால் கேட்டலன். 1929-இல் பார்சிலோனா போட்டிக்காக டார்டகோவர் கட்டிய அமைப்பு அது. 2010-இல் சோபியாவில் டோபலோவுக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப்பில் நம் ஆனந்த் இரண்டாவது, நான்காவது ஆட்டங்களை அதை ஆடித்தான் வென்றார்.

2. சி4-க்குக் கறுப்பு டி4 என்று தள்ளிக்கொண்டு போனால்? 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப்பின் பதினோராவது ஆட்டத்தில் குகேஷுக்கு எதிராக டிங் லிரென் அதைத்தான் செய்தார். ஐந்துக்கு ஐந்து என்று சமமாக இருந்த நேரம். குகேஷ் மூன்றாவது நகர்த்தலில் பி4 என்று ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார். டி4-க்குக் காவலாக வரக்கூடிய சி5-ஐ ஆரம்பத்திலேயே குறிவைக்கிற நகர்த்தல் அது. டிங் சி5 ஆட, குகேஷ் இ3 என்று மறுபக்கத்திலிருந்தும் டி4-ஐ அடித்தார். அந்த ஆட்டத்தில் வென்றுதான் அவர் முதல்முறையாக முன்னிலைக்குப் போனார். இந்த நான்கு நகர்த்தல்களையும் இன்றைக்கே பலகையில் வைத்து, டி4 சிப்பாயை எத்தனை பக்கம் முட்டியிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.